உங்கள் நிலம் காடா, தரிசா, மேய்ச்சல் நிலமா? மரம் வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விவசாயிகளிடமிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ‘காடு’ என்ற சொல் அடிக்கடி வரும். அவிநாசிப் பக்கத்து விவசாயி, “காட்டுல கம்பு போட்டிருக்குதுங்க, ஓரத்துல மரம் வைக்கலாமுங்களா?” என்று கேட்பார். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர், “சொந்தப் பட்டா நிலத்துல நிக்கிற மரத்தை வெட்டக் காட்டு இலாகா அனுமதி எதுக்கு சார்?” என்பார். காங்கேயம் பக்கமிருந்து ஒருவர், “கொரங்காட்டைத் தரிசுன்னு சொல்லி விலை பேசறாங்க, குடுத்துரலாமா?” என்று தயங்குவார்.

மூன்று பேரும் காட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் மூவர் சொல்லும் காடும் வேறு வேறு. முதலாவது மானாவாரி நிலம். இரண்டாவது சட்டம் கண் வைத்திருக்கும் மலைத்தோட்டம். மூன்றாவது மாடு மேயும் புல்வெளி. இந்த வேறுபாடு புரியாமல் எடுக்கும் முடிவுகளால் நிலத்தையும் பணத்தையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, மரக்கன்று வாங்குவதற்கு முன்பும், நிலத்தை விற்பதற்கு முன்பும் உங்கள் நிலம் எந்தக் காடு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே சொல், ஊருக்கு ஊர் வேறு பொருள்

கொங்குப் பகுதியில் வாய்க்கால் பாசனம் உள்ளது வயல், கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம், மழையை மட்டும் நம்பியது காடு. ‘மேட்டாங்காடு’ என்றால் மேட்டுப்பாங்கான மானாவாரி நிலம். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் ‘கரிசக்காடு’ என்பது பருத்தியும் உளுந்தும் விளையும் கருமண் நிலம். ‘காடு கழனி’ என்று சேர்த்துச் சொல்லும்போது புன்செயும் நன்செயும் சேர்ந்த மொத்தச் சொத்தும் அதில் அடங்கிவிடுகிறது. டெல்டா மாவட்டங்களில் பிறந்த ஒருவருக்கு இந்தப் பொருள் புதிதாக இருக்கும். அவருக்குக் காடு என்றால் மரங்கள் அடர்ந்த வனம்தான்.

இந்தப் பொருள் நேற்று வந்ததல்ல. ஐந்திணைகளில் முல்லையைக் ‘காடும் காடு சார்ந்த இடமும்’ என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த நிலத்தின் மக்கள் ஆயர்கள். தொழில் ஆநிரை மேய்த்தல். உணவு வரகும் சாமையும். அதாவது மரமும் புல்லும் மாடும் சிறுதானியமும் சேர்ந்திருந்த நிலத்துக்கே நம் முன்னோர் காடு என்று பெயரிட்டார்கள். வடமொழியிலும் இதுபோல ஒன்று உண்டு. இன்று ‘ஜங்கிள்’ என்றால் ஈரம் சொட்டும் அடர்வனம் கண்முன் வருகிறது. அதன் மூலமான ‘ஜாங்கலம்’ என்ற சொல் பழைய மருத்துவ நூல்களில் வறண்ட, மரங்கள் சிதறி நிற்கும் திறந்தவெளி நிலத்தையே குறித்தது. ஆங்கிலத்தின் ‘ஃபாரஸ்ட்’ என்ற சொல்லும் இடைக்கால இங்கிலாந்தில் மன்னரின் வேட்டைச் சட்டத்துக்கு உட்பட்ட நிலத்தைக் குறித்தது. அந்த எல்லைக்குள் புல்வெளியும் ஊர்களும்கூட இருந்தன.

ஊர்ப் பெயருக்குள் இருக்கும் காடு

நம் ஊர்கள் பல காட்டிலிருந்து எழுந்தவை. மாங்காடு, திருவாலங்காடு, களக்காடு, பழவேற்காடு என்று பட்டியல் நீளும். வேதாரண்யத்தின் தமிழ்ப் பெயர் திருமறைக்காடு. ‘ஆரண்யம்’ என்பதற்கும் காடு என்றே பொருள். சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை ஒரு மரத்தின் பெயர். அந்தத் தில்லை மரத்தை இன்றும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் பார்க்கலாம்.

காட்டைத் திருத்தி ஊராக்கியபோதும் ஒரு பகுதியை வெட்டாமல் விட்டுவைத்தார்கள். அதுதான் கோயில்காடு. அய்யனாருக்கோ அம்மனுக்கோ விடப்பட்ட அந்த இடத்தில் விறகு ஒடிக்கக்கூட ஊர்க் கட்டுப்பாடு உண்டு. சோழமண்டலக் கரையோரத்தின் பழைய உலர் பசுமைமாறாக் காடுகளில் எஞ்சியவை பெரும்பாலும் இப்படிப்பட்ட கோயில்காடுகளே. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் உள்ள கோயில்காடு 2025-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. உங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் இருந்தால், உங்கள் மண்ணுக்கு ஏற்ற மரம் எது என்று அறிய அதைவிட நல்ல பாடநூல் கிடையாது.

சூழலியல் பார்வையில் காடு

இந்தியக் காடுகளைச் சாம்பியன், சேத் ஆகிய இருவர் 1968-ல் 16 பெரும் வகைகளாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. மேற்கு மலைத்தொடரின் மழைக்காடு, உயர்மலைப் பள்ளங்களில் இருக்கும் சோலைக்காடு, சத்தியமங்கலம் போன்ற இடங்களின் இலையுதிர்காடு, சமவெளியின் முட்புதர்க்காடு, கழிமுகங்களின் அலையாத்திக்காடு ஆகிய அனைத்தும் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன.

இவை ஒவ்வொன்றின் மழையளவும் மண் ஆழமும் வேறு. சமவெளி முட்புதர்க்காட்டில் மரம் குட்டையாக, இடைவெளி விட்டு நிற்பதைப் பார்த்து, ‘இது அழிந்துபோன காடு’ என்று நினைக்கக் கூடாது. பல இடங்களில் அந்த மண்ணும் மழையும் தாங்கக்கூடிய அளவே அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ளாததால் வந்த பெரிய இழப்புக்கு நீலகிரி சாட்சி. அங்கே சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்து இருப்பதே இயற்கை. ஆங்கிலேய ஆட்சியில் புல்வெளியை வீணாகக் கிடக்கும் நிலமாகக் கருதி, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் கற்பூர மரமும் சீகை மரமும் வைத்தார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகும் அந்த நடவு தொடர்ந்தது. சீகை தானாகவே பரவி, மீதமிருந்த புல்வெளியையும் பிடித்தது. வரையாடு மேயும் இடம் சுருங்கியது. மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு மெல்ல விடும் புல்வெளி குறைந்தது. இப்போது அந்த மரங்களை அகற்றிப் புல்லை மீட்கச் செலவு செய்துகொண்டிருக்கிறோம்.

செயற்கைக்கோள் எண்ணும் காடு

இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டுப் பரப்பை அளந்து அறிக்கை வெளியிடுகிறது. அதன் அளவுகோல் எளிது. ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் 2 ஏக்கர் 47 சென்ட் அல்லது அதற்கு மேல் பரப்பு இருக்க வேண்டும். அதில் மரத்தலைகளின் நிழல் குறைந்தது 10 சதவீதம் விழ வேண்டும். நிலம் யாருடையது, மரம் என்ன வகை என்ற கேள்வி கிடையாது. ஆகவே தென்னந்தோப்பும் மாந்தோப்பும் இந்தக் கணக்கில் ‘காட்டுப் பரப்பு’ ஆகிவிடும். சீமைக்கருவேலம் மண்டிய கண்மாய்கூடச் சேர்ந்துவிடும்.

நிழல் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மிக அடர்ந்த காடு, 40 முதல் 70 வரை ஓரளவு அடர்ந்த காடு, 10 முதல் 40 வரை திறந்தவெளிக் காடு, அதற்கும் கீழே புதர் என்பது அந்த நிறுவனத்தின் பிரிவு. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை நிறுவனத்தின் வரையறை வேறு. அரை ஹெக்டேர் பரப்பு, 5 மீட்டர் உயரம் வளரும் மரம், 10 சதவீத நிழல் இருந்தால் காடு. ஆனால் நிலம் முதன்மையாக விவசாயத்துக்குப் பயன்பட்டால் அது காடு ஆகாது.

உங்கள் நிலத்தில் எவ்வளவு நிழல் இருக்கிறது என்பதை நீங்களே கணக்கிடலாம். உச்சி வெயிலில் மரத்தடி நிழலின் விட்டத்தை இரண்டு திசைகளில் அளந்து சராசரி எடுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, வருவதை 0.785-ஆல் பெருக்குங்கள். 8 மீட்டர் விட்டமுள்ள மரத்துக்குச் சுமார் 50 சதுர மீட்டர் வரும். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர் என்பதால், அப்படிப்பட்ட 8 மரங்கள் நின்றாலே 10 சதவீத நிழல் வந்துவிடும்.

செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிவதால் மட்டும் உங்கள் பட்டா நிலம் சட்டப்படி காடாகிவிடாது. அந்த அளவீடும் சட்ட நிலையும் வேறு வேறு. இந்த அச்சத்தில் மரத்தை வெட்டிப் போடும் விவசாயிகளை நான் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லாத இழப்பு.

சட்டம் சொல்லும் காடு

தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 4-ஆம் பிரிவின்படி முதல் அறிவிப்பும், உரிமைகளை விசாரித்த பிறகு 16-ஆம் பிரிவின்படி இறுதி அறிவிப்பும் வந்தால் அந்த நிலம் காப்புக்காடு. அங்கே மரமே இல்லாவிட்டாலும் அது சட்டப்படி காடுதான்.

1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் முக்கியமான உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. அந்த வழக்கு நம் நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதிக் காடுகளைப் பற்றித் தொடங்கியது. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை, அகராதியில் காடு என்பதற்கு உள்ள பொருளையே எடுத்துக்கொள்ள வேண்டும், அரசுப் பதிவேட்டில் காடு என்று எழுதப்பட்ட நிலமும் உரிமையாளர் யாராக இருந்தாலும் அதில் அடங்கும் என்று நீதிமன்றம் கூறியது. 2023-ல் கொண்டுவந்த திருத்தம் அந்த வரையறையைச் சுருக்கியது. அதை எதிர்த்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு உத்தரவின் பொருளையே தொடர்ந்து பின்பற்றுமாறு 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு வந்தது.

மலைப்பகுதி விவசாயிகளுக்கு இன்னும் இரண்டு சட்டங்கள் முக்கியம். ஒன்று 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். மற்றொன்று 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம். ஏற்காட்டுத் தோட்டக்காரர் சொந்த நிலத்து மரத்துக்கு அனுமதி கேட்க வேண்டியிருப்பது இப்படிப்பட்ட சட்டங்களால்தான்.

தலைமுறைகளாகக் காட்டுக்குள்ளேயே வாழும் பழங்குடி மக்களுக்குக் காடுதான் ஊர், அதுவே விளைநிலம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதை ஏற்றுக்கொண்டது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பயிர் செய்து வரும் நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். கோரிக்கையைக் கிராம சபையில் கொடுக்க வேண்டும். மேய்ச்சலுக்கும் சிறு வன விளைபொருள்களுக்கும் சமூக உரிமையும் உண்டு.

கொரங்காடு: ஒரே நிலம், பல பெயர்கள்

இப்போது காங்கேயம் விவசாயியின் கேள்விக்கு வருவோம். திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் உள்ள கொரங்காடு, உலகம் கவனிக்க வேண்டிய ஒரு மேய்ச்சல் முறை. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் நரிப்பயறு போன்ற கொடிகளும். இடையிடையே வெள்வேல மரங்கள். பசும்புல் கிடைக்காத கோடையில் வெள்வேலங்காய் மாட்டுக்குத் தீவனம். காங்கேயம் மாடுகளின் வலிமைக்குப் பின்னால் இந்தப் புல்வெளி இருக்கிறது.

5 ஏக்கர் கொரங்காடு ஒன்றில் 40 வெள்வேல மரங்கள் நல்ல நிழலுடன் நிற்பதாக வைத்துக்கொள்வோம். செயற்கைக்கோள் கணக்கில் அது திறந்தவெளிக் காடு. உணவு மற்றும் வேளாண்மை நிறுவனத்தின் வரையறையில் மாடு மேயும் விவசாய நிலம். வருவாய்ப் பதிவேட்டில் புன்செய். சூழலியலாளருக்கு மரங்கள் சிதறிய புல்வெளி. மனை வியாபாரிக்குத் தரிசு. உங்களுக்குக் கொரங்காடு.

இவற்றில் ‘தரிசு’ என்ற பெயர்தான் ஆபத்தானது. உழவில்லை, விதைப்பில்லை என்பதால் நிலம் சும்மா கிடக்கிறது என்று எண்ண வைக்கும் சொல் அது. ஆனால் தீவனம், நிழல், உயிர்வேலி, சாணம் என அந்த நிலம் தருவதற்கெல்லாம் ரசீது கிடையாது. அதனால் விலை பேசும்போது அவை கணக்கிலேயே வருவதில்லை.

நான் செய்த தவறு

பணியில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் எண்ணினேன். சுமார் 15 ஆண்டுகளுக்கு முன், 4 ஏக்கர் கொரங்காடு வைத்திருந்த ஒரு விவசாயிக்கு, ‘தரிசாகக் கிடக்கிறதே, உழுது தைலமரம் வையுங்கள், வருமானம் வரும்’ என்று பரிந்துரை எழுதிக் கொடுத்தேன். அவர் நம்பினார். புல்லை உழுது புரட்டிக் கன்று வைத்தார். இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது. மரம் விறகு அளவுக்கே தேறியது. அதற்குள் மேய்ச்சல் இல்லாமல், தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல், நான்கு மாடுகளையும் விற்றுவிட்டார். மரத்தை வெட்டிய பிறகும் புல் திரும்பவில்லை. அந்த இடத்தில் சீமைக்கருவேலம் வந்தது.

“நீங்க படிச்சவரு, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேனுங்க” என்று அவர் கோபமில்லாமல் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கும் இலக்கோடு 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்ட பிறகு, கன்றுகள் எளிதாகக் கிடைக்கின்றன. அது நல்ல வாய்ப்பு. கன்று எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று பார்த்து வைத்தால் இன்னும் நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. ஆவணத்தைப் பாருங்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றில் உங்கள் புல எண் எப்படி வகைப்படுத்தப்பட்டுள்ளது என்று பாருங்கள். மலையடிவாரத்தில் நிலம் வாங்குவதாக இருந்தால், காப்புக்காட்டு எல்லை பற்றிக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

2. நிலத்தின் இயல்பைக் கண்டறியுங்கள். ஓரிடத்தில் 3 அடி குழி தோண்டிப் பாருங்கள். ஓர் அடியிலேயே சுக்கான் பாறையோ ஓடைக்கல்லோ வந்தால் அங்கே அடர்வனம் வளராது. வீட்டுப் பெரியவர்களிடம், 40 ஆண்டுகளுக்கு முன் அங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள்.

3. பழைய புல்வெளியை உழாதீர்கள். புல் நன்றாக இருந்தால் மரத்தை வேலியோரமும் ஓடைக்கரையிலும் மட்டும் வையுங்கள். வேம்பு, வெள்வேல், உசில், பனை போன்றவை வறட்சியைத் தாங்கும்.

4. மேய்ச்சலைச் சுழற்சியாக்குங்கள். நிலத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றவற்றுக்கு ஓய்வு கொடுங்கள். மழைக்குப் பிறகு புல் பூத்து விதை உதிரும் வரை ஒரு பகுதியையாவது அடைத்து வையுங்கள்.

5. புல் மெலிந்த இடத்தில் விதையுங்கள். ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ கொழுக்கட்டைப்புல் விதையை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் மேலாகத் தூவுங்கள். புதிதாக அறுத்த விதை சரியாக முளைக்காது. சில மாதங்கள் சேமித்த விதையைப் பயன்படுத்துங்கள்.

6. சீமைக்கருவேலத்தைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்குங்கள். ஆடு மாடுகள் காயைத் தின்று சாணம் வழியே விதையைப் பரப்பும். வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு எடுங்கள்.

7. நடும் முன்பே வெட்டும் விதியைக் கேளுங்கள். சந்தனத்தைச் சொந்த நிலத்தில் வளர்க்கலாம். ஆனால் வெட்டவும் கொண்டு செல்லவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். ஈட்டி, செம்மரம், தேக்கு போன்றவற்றுக்கும் என்ன ஆவணம் தேவை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

8. வருமானத்தைக் கணக்கெழுதுங்கள். உங்கள் மேய்ச்சல் காடு இல்லாவிட்டால் மாட்டுத் தீவனத்துக்கு மாதம் எவ்வளவு செலவாகும் என்று ஓராண்டுக்கு எழுதி வாருங்கள். நிலத்துக்கு விலை பேச வருபவரிடம் உட்காரும்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.

காங்கேயத்திலிருந்து அழைத்த விவசாயியிடம் இந்தக் கடைசி யோசனையைத்தான் சொன்னேன். விற்பதும் விற்காததும் அவர் விருப்பம். மகளின் படிப்புச் செலவோ கடனோ எனக்குத் தெரியாத காரணங்கள் அவருக்கு இருக்கலாம். ஆனால் தரிசு என்று நினைத்து விற்கக் கூடாது. ஆறு மாதம் கழித்துப் பேசியபோது, 2 ஏக்கரை மட்டும் பிரித்து விற்றதாகவும், மீதியில் வேலியைச் செப்பனிட்டு மாடுகளை வைத்திருப்பதாகவும் சொன்னார். நோட்டுக் கணக்கு தொடர்கிறதாம்.

உங்கள் நிலத்தை உங்கள் தாத்தா எந்தப் பெயரில் அழைத்தார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். மேட்டாங்காடு, கரிசக்காடு, கொரங்காடு என்ற அந்தப் பெயரிலேயே அந்த மண் எதைத் தாங்கும் என்ற குறிப்பு இருக்கும். அதன் பிறகு மண் பரிசோதனை முடிவோடு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வாருங்கள். எந்த மரம், எத்தனை, எங்கே என்று சேர்ந்து முடிவு செய்வோம்.